ரூட் பாஸ்வேர்டு தெரியாத பழைய யூனிக்ஸ் பெட்டிக்குள் போவது எப்படி?

பழைய யூனிக்ஸ் இயந்திரம் ஒன்று உங்கள் பொறுப்பில் வந்து சேர்ந்திருக்கிறது. சன் நிறுவனத்தின் பெட்டியாக இருக்கலாம், எச்பி-யாக இருக்கலாம், யாரும் தொடாமல் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் சர்வராகவும் இருக்கலாம். அதை அமைத்தவர் எப்போதோ போய்விட்டார், ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கு) பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, லாகின் கேட்டுவிட்டுத் திரை அப்படியே நிற்கிறது. தேடினால் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கட்டளை வரிசை கிடைக்கும். அதை வரிக்கு வரி தட்டினால் சில சமயம் வேலை நடக்கும், சில சமயம் நடுவழியில் ஏதோ ஒரு பிழைச்செய்தி வந்து நின்றுவிடும், ஏன் நின்றது என்று மட்டும் புரியாது. அதனால் இங்கே கட்டளைகளை விட உள்ளே என்ன நடக்கிறது என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன். அது பிடிபட்டால், எந்தக் கம்பெனியின் யூனிக்ஸாக இருந்தாலும் செய்ய வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றேதான். (உங்கள் பெட்டி, அல்லது உரியவர் உங்களிடம் ஒப்படைத்த பெட்டி என்ற நிலையில்தான் இதெல்லாம்.)

ரீபூட் செய்யக் கை நீட்டும் முன்பு ஒரு நிமிடம் பொறுங்கள். அந்த இயந்திரத்தில் சாதாரண பயனர் கணக்கு ஒன்று உங்களிடம் இருந்தால், அதற்கு சூடோ அனுமதி (ரூட்டின் அதிகாரத்தோடு கட்டளை ஓட்டும் உரிமை) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதை வைத்தே ரூட்டின் பாஸ்வேர்டை மாற்றிவிடலாம், கதை முடிந்தது. எங்காவது ஒரு டெர்மினலில் ரூட்டாக யாரோ உள்ளே நுழைந்து வெளியேறாமல் விட்டிருக்கிறார்களா என்பதும் பார்க்க வேண்டிய விஷயம். சர்வர் அறைகளில் இது நடக்காத அதிசயம் ஒன்றும் இல்லை. பல வருடமாக அணைக்கப்படாத பழைய டிஸ்க், ஒருமுறை நின்றால் மறுபடி சுழலாமலே போய்விடலாம், எனவே ரீபூட் இல்லாத வழி எதுவாக இருந்தாலும் அதுதான் நல்ல வழி.

சரி, அப்படி எதுவும் இல்லை. அப்படியானால் பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிப்போம்.

யூனிக்ஸில் எட்சி என்ற டைரக்டரிக்குள் பாஸ்வேர்டு கோப்பு ஒன்று உண்டு. சாதாரண எழுத்துக் கோப்புதான், ஒரு பயனருக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியால் 7 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: பயனர் பெயர், பாஸ்வேர்டு, பயனர் எண், குழு எண், குறிப்பு, ஹோம் டைரக்டரி, ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்). இதில் மூன்றாவதாக வரும் பயனர் எண்ணைக் கவனியுங்கள். யூனிக்ஸின் மையப் புரோகிராமான கெர்னலுக்கு ‘ரூட்’ என்ற பெயரே தெரியாது, அது பார்ப்பதெல்லாம் எண் 0-வா இல்லையா என்பது மட்டும்தான். 0 என்றால் எல்லாக் கதவும் திறக்கும். ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையில் ரூட் என்ற பெயரைப் பின்னாலிருந்து எழுதி ‘டூர்’ என்று இன்னொரு கணக்கே வைத்திருக்கிறார்கள், அதன் எண்ணும் 0தான், ஆக அதுவும் முழு நிர்வாகிதான்.

அந்தக் கோப்பை எல்லோரும் படிக்க முடியும், படிக்க முடிந்தே ஆக வேண்டும். ஒரு டைரக்டரியைப் பட்டியல் போடும்போது கோப்பின் உரிமையாளர் பெயர் தெரிகிறதே, டிஸ்கில் எண் மட்டும்தானே பதிவாகியிருக்கிறது, அந்த எண்ணைப் பெயராக மாற்றுவது இந்தக் கோப்பைப் பார்த்துத்தான். ஆரம்பக் காலத்தில் பாஸ்வேர்டும் இதே கோப்பில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. நேரடியாக அல்ல, ஒருவழிக் கணக்கு ஒன்றைப் போட்டு வந்த விடையாக. ராபர்ட் மாரிஸும், யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனும் 1979-இல் எழுதிய கட்டுரையில் இந்த ஏற்பாட்டை விவரித்திருக்கிறார்கள். பயனர் தரும் பாஸ்வேர்டையே சாவியாக வைத்து, வெறும் பூஜ்ஜியங்களால் ஆன ஒரு தொகுதியை டிஇஎஸ் முறையில் 25 முறை திரும்பத் திரும்ப மறையாக்கம் செய்வது. கூடவே உப்பு என்று சொல்லப்படும் 12 பிட் எண் ஒன்று சேரும், அதாவது 4096 சாத்தியங்களில் ஒன்று. அதனால் இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டை வைத்தாலும், உப்பு வேறாக இருந்தால் கோப்பில் வேறு வேறு மாதிரி தெரியும். கடைசியில் கோப்பில் உட்காருவது 13 எழுத்துகள், முதல் இரண்டு உப்பு, மிச்சம் 11 விடை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பழைய முறை பாஸ்வேர்டின் முதல் 8 எழுத்துகளை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் 20 எழுத்தில் பிரமாதமாக ஒன்று வைத்திருந்தாலும் ஒன்பதாவது எழுத்திலிருந்து என்ன அடித்தாலும் திறந்துவிடும். ‘முதல் பாதி ஞாபகம் இருக்கிறது, கடைசி மறந்துவிட்டது’ என்று யாராவது சொன்னால், இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த முதல் பாதியை அடித்துப் பார்ப்பதில் தவறில்லை.

பின்னால் கம்ப்யூட்டர்கள் வேகமானதும், எல்லோரும் படிக்கக்கூடிய கோப்பில் அந்த 13 எழுத்து இருப்பதே ஆபத்து என்று ஆனது. ஆகவே அதை மட்டும் பிரித்து, ரூட் மட்டுமே படிக்கக்கூடிய ‘ஷேடோ’ கோப்புக்குக் கொண்டுபோனார்கள், பழைய இடத்தில் எக்ஸ் என்ற ஓர் எழுத்து மட்டும் நிற்கும். எல்லா யூனிக்ஸும் இதை ஒரே மாதிரி செய்யவில்லை என்பதுதான் தலைவலி. சோலாரிஸிலும் (சன்னின் யூனிக்ஸ்) லினக்ஸிலும் எட்சிக்குள்ளேயே ஷேடோ இருக்கும். ஐபிஎம்-இன் யூனிக்ஸான ஏஐஎக்ஸ் அதற்கென்று எட்சிக்குள் ‘செக்யூரிட்டி’ என்ற தனி டைரக்டரி வைத்திருக்கிறது. எச்பி-யின் யூனிக்ஸான எச்பி-யூஎக்ஸை ‘டிரஸ்டட்’ முறைக்கு மாற்றியிருந்தால், ஒவ்வொரு பயனருக்கும் டிசிபி என்ற டைரக்டரியின் கீழ் தனித்தனிக் கோப்பு. பிஎஸ்டி-க்களில் (ஃப்ரீபிஎஸ்டி போன்றவை) ‘மாஸ்டர்’ என்ற முன்னொட்டோடு ஒரு கோப்பு இருக்கும், அதை நேரடியாகத் திருத்தினால் மட்டும் போதாது, அதிலிருந்து உருவாகும் தரவுத்தளத்தையும் புதுப்பிக்க வேண்டும்.

மறந்துபோன பாஸ்வேர்டை அந்த 13 எழுத்திலிருந்து திரும்ப எடுக்க முடியுமா? கணக்கைப் பின்னோக்கிப் போட முடியாது. ஒவ்வொன்றாக ஊகித்து, மறையாக்கி, விடை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் வழி. பழைய பிஎஸ்டி கோப்பு ஒன்றில் கென் தாம்சனின் பாஸ்வேர்டு இப்படித்தான் பல வருடம் உடையாமல் கிடந்து, 2019-இல் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு சில நாட்கள் ஓடிய பிறகு வெளியே வந்தது. அது ஒரு சதுரங்க நகர்வு, ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் தொடக்கம், பழைய குறியீட்டு முறையில் எழுதியது. நம் வேலைக்கு இந்தப் பாடெல்லாம் தேவையே இல்லை. பழைய பாஸ்வேர்டு என்னவாக இருந்தால் நமக்கென்ன, அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டால் போதும். அதாவது டிஸ்கில் உள்ள ஒரு கோப்பில், ஒரு வரியில், இரண்டாவது பகுதியை மாற்ற வேண்டும், மொத்த வேலையும் இவ்வளவுதான்.

மாற்ற விடாமல் தடுப்பது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. ‘ஷேடோ கோப்பை ரூட் மட்டும்தான் தொடலாம்’ என்ற விதியை டிஸ்க் காப்பாற்றுவதில்லை, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல்தான் காப்பாற்றுகிறது. கெர்னல் ஓடாதபோது அது வெறும் டிஸ்க், அதில் இருப்பவை வெறும் பைட்டுகள். இயந்திரம் எழும் வரிசையைப் பாருங்கள். மின்சாரம் வந்ததும் முதலில் ஃபர்ம்வேர் (இயந்திரத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்), பிறகு பூட் லோடர் (கெர்னலை ஏற்றும் சிறு புரோகிராம்), பிறகு கெர்னல், கெர்னல் எழுப்பும் முதல் புரோகிராமான இனிட், அது ஓட்டும் தொடக்க ஸ்கிரிப்டுகள், எல்லாம் முடிந்த பிறகுதான் லாகின் கேட்கும் புரோகிராம். பாஸ்வேர்டு கேட்பவர் வரிசையில் கடைசி ஆள். அந்தக் காவலாளி வேலைக்கு வந்து சேருவதற்கு முன்பே உள்ளே போய்விடுவதுதான் நாம் செய்யப்போவது, அதை இரண்டு இடங்களில் செய்யலாம்: அதே டிஸ்கிலிருந்து பாதி வழியில் நிறுத்தி எழுப்புவது, அல்லது வேறொரு டிஸ்கிலிருந்து எழுப்புவது. இரண்டுக்குமே கன்சோல் (இயந்திரத்தோடு நேரடியாக இணைந்த திரையும் கீபோர்டும்) உங்கள் கையில் இருந்தாக வேண்டும், நெட்வொர்க் வழியாகச் சாதாரணமாக லாகின் செய்து இது நடக்காது.

முதலாவதைச் சிங்கிள் யூசர் மோடு என்பார்கள். டிஸ்க் பழுது பார்ப்பது போன்ற வேலைகளுக்காகவே யூனிக்ஸில் இருக்கும் ஏற்பாடு இது, நெட்வொர்க் எதுவும் எழாது, கன்சோலில் ரூட் ஷெல் ஒன்று மட்டும் வரும். பிஎஸ்டி-யில் பூட் கட்டளையோடு எஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் வரும். எச்பி-யூஎக்ஸில் தானாக எழுவதை இடைமறித்து, ஐஎஸ்எல் என்ற பிராம்ப்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். பழைய லினக்ஸில் லிலோ என்ற பூட் லோடர் கேட்கும் இடத்தில் கெர்னலின் பெயருக்குப் பின்னால் ‘சிங்கிள்’ என்று சேர்ப்பார்கள், அதன் இடத்தில் க்ரப் என்ற பூட் லோடர் இருந்தால் அந்த வரியைத் திருத்திச் சேர்ப்பது.

ஆனால் சிங்கிள் யூசர் மோடும் பாஸ்வேர்டு கேட்கலாம், இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். சோலாரிஸ் கேட்கும். டெபியன் கேட்கும், பழைய ரெட்ஹாட் கேட்காது. பிஎஸ்டி-யில் அது உங்கள் கையில் இருக்கும் விஷயம்: டிடிஒய்எஸ் என்ற கோப்பில் கன்சோல் வரியில் ‘செக்யூர்’ என்று எழுதியிருந்தால் கேட்காது, ‘இன்செக்யூர்’ என்றிருந்தால் கேட்கும். பார்க்கத் தலைகீழாகத் தெரியும். கன்சோல் இருக்கும் இடம் பத்திரமானது, அங்கே வந்து உட்காருபவரை நம்பலாம் என்பதைத்தான் அந்தச் சொல் இயந்திரத்துக்குச் சொல்கிறது.

லினக்ஸில் அதையும் தாண்ட ஒரு வழி உண்டு. கெர்னல் முதலில் எழுப்பும் புரோகிராம் இனிட் என்று சொன்னேன் அல்லவா, அதற்குப் பதிலாக ஷெல்லையே எழுப்பு என்று பூட் லோடரில் கெர்னலுக்குச் சொல்லிவிடலாம். ஸ்கிரிப்டு இல்லை, லாகின் இல்லை, செய்திகள் வரிசையாக ஓடி முடிந்ததும் ஒரு ஹாஷ் குறி மட்டும் வந்து நிற்கும். சந்தோஷப்பட்டு உடனே பாஸ்வேர்டு மாற்றும் கட்டளையை அடித்தால் தோல்வி என்று வரும். ஏனென்றால் ரூட் ஃபைல்சிஸ்டம் (இங்கே ரூட் என்பது கணக்கல்ல, எல்லா டைரக்டரிகளுக்கும் மேலே இருக்கும் முதல் டைரக்டரி) இந்தக் கட்டத்தில் படிக்க மட்டும் என்ற நிலையில்தான் மௌண்ட் ஆகியிருக்கும், அதாவது பயன்பாட்டுக்கு இணைந்திருக்கும். வழக்கமாக அதைச் சோதித்து, எழுதும் நிலைக்கு மாற்றுவது தொடக்க ஸ்கிரிப்டுகளின் வேலை, அவைதான் ஓடவே இல்லையே. எனவே அதை நீங்களே செய்ய வேண்டும், ஃபைல்சிஸ்டத்தைச் சோதிக்கும் எஃப்எஸ்செக் கட்டளையை ஓட்டிவிட்டு, படிக்கவும் எழுதவும் என்று ரீமௌண்ட். யூஎஸ்ஆர் டைரக்டரி தனிப் பிரிவில் இருந்தால் அதையும் மௌண்ட் செய்தால்தான் பாஸ்வேர்டு மாற்றும் கட்டளையே கண்ணில் படும். மாற்றி முடித்ததும் பழக்க தோஷத்தில் எக்ஸிட் என்று அடித்துவிடாதீர்கள். இப்போது உங்கள் ஷெல்தான் இயந்திரத்தின் முதல் புரோகிராம், அது முடிந்தால் கெர்னல் பேனிக் என்று அலறிவிட்டு நின்றுவிடும், நினைவகத்தில் இருந்த மாற்றம் டிஸ்குக்குப் போயிருக்குமா என்பது அதிர்ஷ்டம். முதலில் நினைவகத்தில் இருப்பதை டிஸ்கில் எழுதும் சிங்க் கட்டளை, அப்புறம் ஃபைல்சிஸ்டத்தை மறுபடி படிக்க மட்டும் என்று மாற்றுவது, அதற்குப் பிறகு ரீபூட்.

இரண்டாவது வழி, வேறொரு டிஸ்கிலிருந்து எழுப்புவது. சோலாரிஸுக்கு இதுதான் வழக்கமான வழி. சன் கீபோர்டில் ஸ்டாப் விசையையும் ஏ-வையும் சேர்த்து அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் அப்படியே உறைந்து, ஓகே என்ற ஃபர்ம்வேர் பிராம்ப்டு வரும். கீபோர்டு இல்லாமல் சீரியல் கேபிளில் இணைந்திருந்தால் பிரேக் சிக்னல் அனுப்ப வேண்டும். (அந்தக் கேபிளைப் பிடுங்கினாலே பிரேக் போய்ப் பழைய சன் சர்வர்கள் நின்றுவிடுவது உண்டு, எனவே வேறு வேலைக்காகக் கூட அதில் கை வைக்கும்போது ஜாக்கிரதை.) பிறகு இன்ஸ்டால் சிடி-யைப் போட்டு, அதிலிருந்து சிங்கிள் யூசர் மோடில் எழுப்புங்கள். இப்போதும் ரூட் ஷெல் வரும், பாஸ்வேர்டு கேட்காது, ஏனென்றால் இது சிடி-யில் இருக்கும் சோலாரிஸ், உங்கள் டிஸ்கில் இருக்கும் பாஸ்வேர்டு அதற்குச் சம்பந்தமே இல்லாதது.

இதை மறந்துவிட்டு நேராக எட்சிக்குள் போய் ஷேடோவைத் திறந்தால், திறப்பது சிடி-யின் ஷேடோவை. உங்களுடையதை முதலில் மௌண்ட் செய்ய வேண்டும், அதற்கென்றே ‘ஏ’ என்று ஒரு காலி டைரக்டரி சிடி-யில் இருக்கும். எதை மௌண்ட் செய்வது? சோலாரிஸின் டிஸ்க் பெயர் சி0டி0டி0எஸ்0 மாதிரி வரும், பார்த்தால் பயமாக இருக்கும், உடைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை: கண்ட்ரோலர் எண், அதில் எந்த டார்கெட், எந்த டிஸ்க், அந்த டிஸ்கில் எந்த ஸ்லைஸ் (பிரிவு). ரூட் பெரும்பாலும் ஸ்லைஸ் 0-இல் இருக்கும். மௌண்ட் ஆக மறுத்தால், ஓடிக்கொண்டிருந்ததை நடுவில் நிறுத்தியதால் ஃபைல்சிஸ்டம் சுத்தமாக மூடப்படவில்லை என்று அர்த்தம், எஃப்எஸ்செக் ஓட்டிவிட்டு மறுபடி முயலுங்கள்.

அப்புறம் எடிட்டர். விஐ திறந்தால் திரை கன்னாபின்னாவென்று தெரியும், அல்லது டெர்மினல் வகை தெரியவில்லை என்று ஒரே வரியில் திறக்கும். டெர்ம் என்ற மாறிக்குச் சன் கன்சோல் என்றால் ‘சன்’ என்றும், சீரியல் என்றால் பெரும்பாலும் ‘விடி100’ என்றும் மதிப்புக் கொடுத்தால் சரியாகிவிடும். ரூட் வரியில் முதல் முக்காற்புள்ளிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருப்பதை மட்டும் அழியுங்கள், இரண்டு முக்காற்புள்ளிகளும் ஒட்டி நிற்க வேண்டும். சோலாரிஸ் ஷேடோவில் ஒரு வரிக்கு 8 முக்காற்புள்ளிகள், அழித்த பிறகு ஒருமுறை எண்ணிப் பாருங்கள், ஒன்று குறைந்தாலும் ரூட் கணக்கே செல்லாமல் போகும். கோப்பு படிக்க மட்டும் என்ற அனுமதியில் இருப்பதால் சேமிக்கும்போது ஆச்சரியக்குறி சேர்த்து வற்புறுத்த வேண்டியிருக்கும். அதன் பிறகு அன்மௌண்ட், ரீபூட், லாகினில் ரூட் என்று அடித்தால் பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடும், அல்லது உனக்குப் பாஸ்வேர்டு இல்லை, ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்லும். நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு இதைச் செய்வது நல்லது, பாஸ்வேர்டே இல்லாத ரூட்டோடு ஒரு இயந்திரம் நெட்வொர்க்கில் சில நிமிடம் நிற்பது கூட வேண்டாத வேலை.

மேலே சொன்னதில் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது, அது மிரர் செய்யப்பட்ட ரூட் டிஸ்க். இரண்டு டிஸ்க்குகளில் ஒரே தரவு இருக்கும்படி சாஃப்ட்வேரில் அமைத்திருப்பார்கள். சிடி-யிலிருந்து எழும்போது அந்த மிரர் சாஃப்ட்வேர் ஓடாது. நீங்கள் ஒரு டிஸ்கை மட்டும் மௌண்ட் செய்து மாற்றிவிட்டால், இரண்டும் வேறு வேறாகிவிட்டது என்பது அதற்குத் தெரியவே தெரியாது, மறுபடி எழுந்ததும் ஒரு படிப்பு இதிலிருந்து, ஒரு படிப்பு அதிலிருந்து என்று எடுத்து ஃபைல்சிஸ்டத்தையே குழப்பிவிடும். எனவே டிஸ்கை முதலில் படிக்க மட்டும் என்று மௌண்ட் செய்து, எது எங்கே மௌண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் விஎஃப்எஸ்டேப் கோப்பில் ரூட் எதிலிருந்து மௌண்ட் ஆகிறது என்று பாருங்கள். அங்கே சாதாரண டிஸ்க் பெயருக்குப் பதில் ‘எம்டி’ என்று வந்தால் அது மிரராக இருக்க வாய்ப்பு அதிகம், அங்கேயே நிறுத்திவிட்டு மிரரை எப்படிப் பிரிப்பது என்று படித்த பிறகு தொடருங்கள்.

ஏஐஎக்ஸிலும் கதை இதேதான், இன்ஸ்டால் சிடி-யிலிருந்து எழுப்பி மெயிண்டனன்ஸ் மெனுவுக்குப் போனால், ரூட் வால்யூம் குரூப்பை அணுகு என்று ஒரு தேர்வு இருக்கும். மௌண்ட் வேலையை அதுவே செய்துகொடுத்து, ஷெல்லையும் தந்துவிடும்.

ஃபர்ம்வேருக்கே பாஸ்வேர்டு போட்டிருந்தால்? சன் பெட்டிகளில் இதற்கு மூன்று நிலைகள் உண்டு: எதுவும் இல்லாதது, ‘கமாண்ட்’, ‘ஃபுல்’. கமாண்ட் நிலையில் வழக்கமான டிஸ்கிலிருந்து எழுப்ப மட்டும் விடும், சிடி-யிலிருந்து எழுப்பு என்றால் பாஸ்வேர்டு கேட்கும். ஃபுல் நிலையில் அதுவும் கிடையாது. அப்போது டிஸ்கைக் கழற்றி இன்னொரு சன் பெட்டியில் இரண்டாவது டிஸ்காகப் போட்டு, அங்கே மௌண்ட் செய்து திருத்துவதுதான் மிஞ்சும் வழி. இன்னொரு ஸ்பார்க் (சன்னின் ப்ராசசர் வகை) பெட்டி என்பது முக்கியம், ஸ்பார்க்கும் எக்ஸ்86-உம் (இன்டெல் வகை) எண்களின் பைட்டுகளை எதிரெதிர் வரிசையில் எழுதுபவை, ஒன்றின் யூஎஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தை மற்றதில் ஓடும் சோலாரிஸ் படிக்காது. ரூட் கிடைத்துவிட்டால் ஃபர்ம்வேர் பாஸ்வேர்டையும் உள்ளிருந்தே, ஈப்ராம் என்ற கட்டளையால் மாற்றிவிடலாம்.

எல்லாம் முடிந்து, புதுப் பாஸ்வேர்டும் போட்டு, உங்கள் மேசைக்குத் திரும்பி வந்து டெல்நெட்டிலோ எஸ்எஸ்எச்-இலோ ரூட்டாக நுழைந்தால் உள்ளே விடாது. மாற்றியது பதியவில்லை என்று நினைத்து மறுபடி சிடி-யைத் தேட வேண்டாம். பல யூனிக்ஸ்களில் ரூட்டை நெட்வொர்க் வழியாக நேரடியாக உள்ளே விடுவதே இல்லை, கன்சோலில் மட்டும்தான். சோலாரிஸில் எட்சிக்குள் ‘டிஃபால்ட்’ என்ற டைரக்டரியில் இருக்கும் லாகின் கோப்பில் இதற்கென ஒரு வரி இருக்கும், எஸ்எஸ்எச்-க்கு அதன் சொந்த அமைப்புக் கோப்பில் தனி வரி. அவற்றைத் தொடாமல் விட்டுவிட்டு, கன்சோலில் உட்கார்ந்திருக்கும்போதே உங்களுக்கென்று ஒரு சாதாரணக் கணக்கை உருவாக்கிக்கொள்ளுங்கள், நெட்வொர்க்கில் அதன் வழியாக உள்ளே வந்து, எஸ்யூ கட்டளையால் ரூட்டாக மாறிக்கொள்ளலாம்.